கடல் கடக்கும் படையும் கணக்குக் கேட்கும் மன்றமும்

நம் நாட்டுப் படைவீரர்கள் கடல் கடந்து அயல்நாட்டிற்கு அனுப்பப்படும்பொழுது, அதற்கு ஆணையிடுபவர் யார்? அவ்வாணையைக் குறித்து வினவும் உரிமை யாருக்கு உண்டு? இவை புது டில்லியில் இருப்போர் மட்டும் சிந்திக்க வேண்டியவை என்று எண்ணிவிடலாகாது. கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையிலும், பம்பாயிலும், டில்லியிலும், தாய்த் தமிழகத்திற்கு வெளியே வாழ்ந்து வரும் தமிழராகிய நமக்கு இவ்வினாக்கள் மிக அணுக்கமானவை. சுதந்திர இந்தியா கடல் கடந்து நடத்திய மிகப் பெரிய படை நடவடிக்கை இலங்கையில், தமிழர் வாழும் நிலத்தில் நிகழ்ந்தது. அங்கே உயிர் நீத்த இந்திய வீரருள் தமிழரும் இருந்தனர். அங்கே அல்லலுற்ற குடிமக்களுள் பெரும்பாலோர் தமிழரே.

ஆண்டர்சன்பேட்டை மக்களுக்கு இப்பொருளை விளக்க உவமை தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கங்கள் மூடப்படும் வரையில், பல தலைமுறைகளாகத் தொழிலாளர் பூமிக்கடியில் இறங்கி உழைத்தனர். சுரங்கத்தின் ஆழம் 10,000 அடியையும் கடந்தது. இன்ன ஷிப்டில் இன்னார் இறங்க வேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரம் நிர்வாகத்தினுடையது. ஒவ்வொரு முறையும் ஊரைக் கூட்டி அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடவாது. ஆயினும், எந்நேரத்திலும் நிலத்தடியில் இருப்போர் எவரெவர் என்பதைக் காட்டும் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்று 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் விதித்தது. ஆட்களை இறக்கும் அதிகாரம் உடையவரே கணக்கையும் தம் மனத்துக்குள் வைத்துக்கொள்ளலாகாது என்பதே இதன் கருத்து. படைகளை அயல்நாட்டிற்கு அனுப்புவதிலும் அறம் இதுவே. ஆணை மந்திரி சபையினுடையது. கணக்குக் கேட்பது பாராளுமன்றத்தினுடையது.

இக்கருத்து நேற்று இன்று தோன்றியதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முடிந்து பிரிட்டிஷ் மகுடத்தின் ஆட்சி தொடங்கிய 1858ஆம் ஆண்டிலேயே, இந்திய அரசாங்கச் சட்டத்தின் 55ஆம் பிரிவு ஒரு கட்டுப்பாட்டை விதித்தது. படையெடுப்பைத் தடுக்கும் அவசரத் தேவை நீங்கலாக, இந்தியாவின் எல்லைக்கு அப்பால் நடக்கும் போர்ச் செயல்களுக்கு இந்திய வருவாயைச் செலவிடப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தின் இரு சபைகளும் இசைய வேண்டும் என்பது அது. ஆனால் அந்தப் பாராளுமன்றத்தில் நம் மக்களுக்கு வாக்கு இல்லை. 1867ஆம் ஆண்டில் அபிசீனியாவுக்கு இந்தியப் படைகள் சென்றபொழுது, அவற்றின் வழக்கமான சம்பளச் செலவை இந்தியாவே தாங்க வேண்டும் என்று லண்டனில் முடிவாயிற்று. கணக்குக் கேட்கும் மன்றம் இருந்தும், செலவைத் தாங்குவோரின் குரல் அதில் இல்லாத நிலை அது.

1939ஆம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய சட்டசபையின் இசைவின்றி இந்தியப் படைகள் எகிப்துக்கும் சிங்கப்பூருக்கும் அனுப்பப்பட்டன. காங்கிரஸ் காரியக் கமிட்டி அதனைக் கண்டித்தது. சட்டசபையின் அடுத்த கூட்டத் தொடருக்குச் செல்லலாகாது என்று தன் உறுப்பினர்களைப் பணித்தது. மக்கள் பிரதிநிதிகளைக் கேளாமல் மக்களின் மைந்தரைப் போருக்கு அனுப்பலாகாது என்பது விடுதலை இயக்கத்தின் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது.

விடுதலைக்குப் பின் நாம் வகுத்துக்கொண்ட அரசியல் சட்டம் இதுபற்றிக் கூறுவது என்ன? 53ஆம் ஷரத்து முப்படைகளின் தலைமையைக் குடியரசுத் தலைவரிடம் ஒப்படைத்து, அது சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்படும் என்கிறது. குடியரசுத் தலைவர் மந்திரி சபையின் ஆலோசனைப்படி நடப்பவர். மந்திரி சபையோ, 75ஆம் ஷரத்தின்படி, லோக சபைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. அயல்நாட்டிற்குப் படை அனுப்புமுன் பாராளுமன்றத்தின் சம்மதத்தைப் பெற்றாக வேண்டும் என்னும் விதி எங்கும் இல்லை. இதனைக் குறை என்று உடனே கூறிவிட இயலாது. 1988ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் தேதி மாலத்தீவில் ஆட்சியைக் கவிழ்க்க முயற்சி நடந்தது. அந்நாட்டு அதிபர் உதவி வேண்டினார். அன்றிரவே நம் பாராசூட் வீரர் ஆக்ராவிலிருந்து விமானத்தில் சென்று இறங்கினர். அங்கே பொழுது மணிக்கணக்கில் இருந்தது. சபை கூடி விவாதிக்க அவகாசம் ஏது?

ஆகவே முன் அனுமதி இல்லாத இடத்தில் பின்கணக்கு கண்டிப்பாக இருக்க வேண்டும். அதற்கான கருவிகளைப் பாராளுமன்ற விதிகள் பலவாக அளித்துள்ளன. முதலாவது கேள்வி நேரம். நட்சத்திரக் குறியிட்ட வினாவிற்கு மந்திரி எழுந்து வாய்மொழியாக விடை கூற வேண்டும். அவ்விடையிலிருந்து துணை வினாக்கள் எழும். அவசரப் பொருளுக்குக் கவன ஈர்ப்பும், ஒத்திவைப்புத் தீர்மானமும் உண்டு. சபையில் மந்திரி அளித்த வாக்கு நிறைவேறியதா என்று பார்ப்பதற்கென உறுதிமொழிக் குழு ஒன்று உள்ளது. எல்லாவற்றினும் வலியது பணம். பாதுகாப்பு இலாகாவின் மானியக் கோரிக்கை ஆண்டுதோறும் லோக சபையின் முன் வந்தே தீர வேண்டும். கொள்கையையே ஏற்காத உறுப்பினர், அம்மானியத்தை 1 ரூபாயாகக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரலாம். செலவு முடிந்த பின் தணிக்கைத் தலைவரின் அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்கிறது.

கருவிகள் இருந்தும் அவை எவ்வாறு கையாளப்பட்டன என்பதே முக்கியம். 1961ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையின் வேண்டுகோளின்படி இந்தியப் பிரிகேடு ஒன்று காங்கோவுக்குச் சென்றது. பிரதமர் நேரு அதன் காரணங்களைப் பாராளுமன்றத்தில் விளக்கினார். அங்கே அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் தேதி வீர மரணம் எய்திய காப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்குப் பரம வீர சக்கரம் அளிக்கப்பட்டது. 1967ஆம் ஆண்டு ஜூன் மாதப் போரில் காசாவில் ஐ.நா. படையிலிருந்த நம் வீரர் சிலர் மாண்டபொழுது, பிரதமர் இந்திரா காந்தி அச்செய்தியைச் சபையிலேயே அறிவித்தார். இவை ஐ.நா. கொடியின் கீழ் நிகழ்ந்தவை.

இலங்கை விஷயம் வேறு. பிரதமர் ராஜீவ் காந்தியும் அதிபர் ஜெயவர்த்தனாவும் 1987ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். மறுநாளே இந்திய அமைதிப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. பாராளுமன்றம் ஒப்பந்தத்தை விவாதித்தது அதன் பின்னரே. அமைதி காக்கச் சென்ற படை அக்டோபர் 10ஆம் தேதியிலிருந்து விடுதலைப் புலிகளுடன் போர் புரியலாயிற்று. பணி மாறியது, படையும் 4 டிவிஷன்கள் வரை பெருகியது. அக்டோபர் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனையில் டாக்டர்களும் நர்ஸ்களும் நோயாளிகளும் கொல்லப்பட்டனர். நவம்பர் 25ஆம் தேதி மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் போரில் வீழ்ந்தார். அவருக்கும் பரம வீர சக்கரம் வழங்கப்பட்டது. 1990ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி கடைசி அணி திரும்பும் முன் 1,100க்கும் மேற்பட்ட இந்திய வீரர் உயிர் இழந்தனர்.

அக்காலத்தில் பாராளுமன்றம் வாளாவிருந்ததா? இல்லை. கேள்விகள் எழுந்தன. ராஜ்ய சபையில் தி.மு.க. உறுப்பினர் வை. கோபால்சாமி ஓயாமல் வினவினார். ஆனால் லோக சபையில் ஆளும் கட்சிக்கு 400க்கும் மேற்பட்ட இடங்கள் இருந்தன; எந்த வாக்கெடுப்பும் அரசாங்கத்தை அசைத்திருக்காது. மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. படைகள் இலங்கை சென்ற அடுத்த மாதமே, 1987 ஆகஸ்டில், போபர்ஸ் பீரங்கிகள் வாங்கியதைப் பற்றி விசாரிக்க இரு சபைகளின் கூட்டுக் குழு அமைக்கப்பட்டது. பீரங்கி வாங்கிய கணக்கைக் கேட்க ஒரு குழு. வீரர்களை அனுப்பிய கணக்கைக் கேட்க அத்தகைய குழு ஏதும் இல்லை. 1989ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதிபர் பிரேமதாசா ஜூலை 29க்குள் இந்தியப் படை வெளியேற வேண்டும் என்று கோரினார். அதே ஜூலையில், பீரங்கி விவகாரத்தின் பொருட்டு, எதிர்க்கட்சி உறுப்பினர் பலர் லோக சபையிலிருந்து ராஜிநாமாச் செய்தனர். கேள்வி மிகவும் தேவைப்பட்ட வேளையில் கேட்போரின் இருக்கைகள் காலியாயிருந்தன.

அமைதிப் படையை அனுப்பியது சரியா, தவறா என்பதில் நல்லறிஞர் இருதரப்பிலும் உளர். அவ்வழக்கை இங்கு தீர்க்க நாம் முற்படவில்லை. ஒன்று மட்டும் தெளிவு. அமைதிப் பணி போர்ப் பணியாக மாறிய அந்த அக்டோபரில், “இப்பொழுது நோக்கம் யாது? எத்தனை காலம்? எந்நிலை எய்தினால் திரும்புவீர்?” என்று சபை கேட்டு, விடை பெறும் வரை விடாதிருக்க வேண்டிய தருணம் வந்தது. அயல்நாட்டிற்குச் செல்லும் படையைப் பற்றிக் கேட்க வேண்டிய வினாக்கள் இம்மூன்றே. இவற்றுக்கு விடை இருப்பின் வீரனுக்கும் நலம், அரசாங்கத்திற்கும் நலம்.

பிற நாடுகள் இதற்கு வெவ்வேறு வழி கண்டுள்ளன. வியட்நாம் யுத்தத்தின் கசப்பினால் அமெரிக்கக் காங்கிரஸ் 1973ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றியது. படைகளைப் போரில் ஈடுபடுத்தினால் ஜனாதிபதி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். காங்கிரஸ் இசையாவிடில் 60 நாட்களுக்குப் பின் நீடிக்கலாகாது என்பது அதன் விதி. ஜனாதிபதிகள் பலர் அதனை முழுமையாக ஏற்கவில்லை என்பதும் உண்மை. ஜெர்மனியில் ஆயுதப் படையை வெளிநாட்டிற்கு அனுப்பப் பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டும் என்று 1994இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005இல் அதற்கெனச் சட்டமும் வந்தது. பிரிட்டனில் அத்தகைய சட்டமில்லை. எனினும் 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி, சிரியா மீது படை நடவடிக்கைக்கான தீர்மானம் 272க்கு 285 என்னும் வாக்குகளால் தோற்கவே, அரசாங்கம் அதனைக் கைவிட்டது.

நம் நாட்டிலும் சட்டம் மாறாமலே சபையின் குரல் பயன் தந்த சான்று உண்டு. 2003ஆம் ஆண்டு ஏப்ரலில் ஈராக் மீதான யுத்தத்தைக் கண்டித்து லோக சபை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. அதன்பின் ஈராக்கிற்குப் படை அனுப்புமாறு அமெரிக்கா வேண்டியது. பல வாரம் ஆலோசித்த மந்திரி சபையின் பாதுகாப்புக் குழு, ஐ.நா. சபையின் தெளிவான கட்டளை இன்மையால் அனுப்ப இயலாது என்று ஜூலை 14ஆம் தேதி முடிவு செய்தது. சபை முன்னரே பேசிவிட்டபடியால், அதற்கு மாறாகச் செல்வது எந்த அரசாங்கத்திற்கும் எளிதன்று. இலங்கை நடவடிக்கைக்குப் பின், 1993இல், பாதுகாப்புக்கான நிலைக்குழுவும் தோன்றியது. அது மானியக் கோரிக்கைகளை நுணுகி ஆராய்கிறது. அன்றாட நிர்வாகத்தில் தலையிட அதற்கு உரிமை இல்லை.

போர்த் திட்டங்கள் இரகசியமாயிருக்க வேண்டாமா என்று சிலர் கேட்பர். வேண்டும். எந்தப் பட்டாளம் எந்தச் சாலையில் செல்லும் என்பதைச் சபையில் கேட்பவர் எவரும் இலர். நோக்கமும், காலமும், இழப்பும் இரகசியங்கள் அல்ல. மிக நுட்பமான செய்தியாயின், சபை இரகசியமாகக் கூடுவதற்கும் லோக சபையின் விதிகளில் இடமுண்டு.

இனி நம் கடமை யாது? மொழிபெயர்ப்புப் பணியில் ஈடுபட்டுள்ள நாம் ‘பொறுப்பு’ என்னும் சொல்லை நாள்தோறும் எழுதுகிறோம். பொறுத்தல் என்றால் சுமத்தல். மந்திரி சபை சபைக்குப் பொறுப்புடையது என்றால், தன் செயலின் சுமையைத் தானே சுமந்து, கேட்டபொழுது விடையும் கூற வேண்டும் என்பது பொருள். கேட்பவர் நம் பிரதிநிதி. ஆண்டர்சன்பேட்டைத் தமிழருக்குப் பிரதிநிதி கோலார் தொகுதியின் உறுப்பினர். அவர் எம்மொழியினராயினும் நம் வாக்கினால் சபைக்குச் செல்பவர். தமிழரின் கவலையைத் தமிழகத்து உறுப்பினரே கேட்கட்டும் என்று நாம் ஒதுங்கியிருத்தல் தகாது. அவருக்குக் கடிதம் எழுதலாம்; வாக்குக் கேட்டு வரும்பொழுது நேரிலும் வினவலாம். பொதுநலன் குறித்து லோக சபைக்கு மனுச் செய்யவும் வழியுண்டு. தமிழில் எழுதுவோர் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பை அதனுடன் இணைக்க வேண்டும். உறுப்பினர் ஒருவர் வாயிலாக அளிக்கலாம்.

பூமிக்கடியில் இறங்கிய ஆள் மேலேறினானா என்று கேட்காமல் உறங்கச் சென்ற வீடு தங்கவயலில் இருந்திராது. கடல் கடந்து சென்ற வீரனைப் பற்றியும், அவன் சென்ற நிலத்து மக்களைப் பற்றியும் அவ்வாறே கேட்பது குடிமக்களின் கடன். அக்கேள்வி வீட்டில் எழுந்தால்தான் சபையிலும் ஒலிக்கும்.