நினைவகம் கூட்டல் வேண்டுமா?

வீட்டுக் கணினி நாளடைவில் மந்தமாய்விடின், "நினைவகத்தைக் கூட்டிவிடு" என்று கடைக்காரரும் நண்பரும் ஒருவாய்ப்படச் சொல்லுதல் இக்காலத்து வழக்கமாயிற்று. அச்சொல் சிலவேளை மெய்யாம், சிலவேளை வீண்செலவாம். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவர்க்கு இஃது எளிய விஷயமன்று. இறாலையும் நண்டையும் நம்பி வாழும் குடும்பத்தில் ஒரு நினைவகப் பலகையின் விலை பலநாட் பாடாகும். போதாக்குறைக்கு, 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் சில்லுகளை வாரிக்கொண்டமையால், நினைவகத்தின் விலை உலகெங்கும் மிக ஏறிற்று. ஆகலின், வாங்குமுன் ஆராய்தல் கடன்.

நினைவகம் என்பது யாது? கணினியில் பொருளை வைக்கும் இடம் இரண்டு. ஒன்று வட்டு, மின்சாரம் நின்றாலும் அதிலுள்ளது அழியாது, இடம் பெரிது, ஆனால் வேகம் குறைவு. மற்றொன்று நினைவகம், வேலை நடைபெறும் களம் அதுவே. அது மிக விரைவானது. ஆயின் சிறியது, மின்சாரம் நின்றவுடன் வெறுமையாவது.

களம் சிறிதாய், வேலை பெரிதானால் செய்வது என்ன? இதனை நம் ஏரியைக் கொண்டே விளக்கலாம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்றொரு முறை நெடுங்காலமாக வழங்கி வந்தது. இறால் மிகுதியாய் அகப்படும் நீரிடங்கள் சிலவே. வலை கட்டுவோர் பலர். ஆதலின் தலைக்கட்டினர் முறைவைத்து அவ்விடங்களிற் சென்று வலை கட்டுவர். கணினியும் இவ்வண்ணமே செய்கிறது. அப்போது வேண்டாத பகுதிகளை வட்டுக்கு அனுப்பி, வேண்டியவற்றை நினைவகத்துக்கு வரவழைக்கிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்னும் அவர் குழுவினரும் ஆக்கிய அட்லஸ் என்னும் கணினி, 1962-இலேயே இவ்வுபாயத்தைக் கையாண்டது.

முறை நிதானமாய் மாறும்வரை தீங்கில்லை. ஆனால் நாழிகைக்கொருவராகப் பாட்டை மாற்றினால் என்னாகும்? கழி நாட்டுவதும் வலை கட்டுவதும் அவிழ்ப்பதுமே வேலையாய்ப் போய், ஒருவர்க்கும் ஓர் இறாலும் கிட்டாது. கணினியிலும் இந்நிலை உண்டு. வட்டுக்கும் நினைவகத்துக்கும் இடையே பொருள் ஓயாது போய்வர, விசையை அழுத்தினால் எழுத்துத் தோன்றக்கூடத் தாமதமாகும். இதற்கு ஆங்கிலத்தில் 'திராஷிங்' என்று பெயர். இதன் காரணத்தை 1968-இல் பீட்டர் டென்னிங் என்னும் அறிஞர் தெளிவுற விளக்கினார். ஒவ்வொரு வேலைக்கும் ஒருகாலத்தில் இன்றியமையாத பகுதிகள் இவ்வளவு என்றுண்டு. அவற்றின் கூட்டுத்தொகை நினைவகத்தை விஞ்சும்போதே இத்தொல்லை தோன்றும் என்பது அவர் கொள்கை. நினைவகத்தைக் கூட்டுதல் தீர்க்கும் நோய் இதுவே.

நிற்க. இந்நோய் நம் கணினிக்கு உண்டா என்று அறிவது எங்ஙனம்? கணினியை ஏற்றியவுடன் பார்ப்பதிற் பயனில்லை. நாள்தோறும் செய்யும் வேலைகளையெல்லாம் திறந்து வைத்துக்கொண்டு, விண்டோஸாயின் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்துக. டாஸ்க் மேனேஜர் தோன்றும். அதில் நினைவகம் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நெடுநேரம் நிற்க, வட்டும் அப்பொழுதெல்லாம் ஓயாது உழைத்துக்கொண்டிருக்குமாயின், கூட்டுதல் தகும். நினைவகம் பாதி காலியாயிருந்தும் கணினி மந்தமானால், குற்றம் வேறிடத்தது. ஏற்றும்போதும் நிரல்களைத் திறக்கும்போதும் மட்டும் தாமதமெனில், சுழலும் பழைய வட்டே காரணமாதல் கூடும். அதனை நீக்கி எஸ்.எஸ்.டி. இடுதல், நினைவகம் கூட்டுவதினும் மிக்க பயன் தரும். செயலகம் நூற்றுக்கு நூறு உழைக்குமாயின் நினைவகம் ஒன்றும் செய்யாது. இணையப் பக்கம் மட்டுமே மெதுவாயின், கணினியை விட்டு இணைப்பை நோக்குக.

ஒரு மயக்கத்தை இங்கே களைய வேண்டும். சும்மா கிடக்கும் நினைவகத்தில், பின்னர் வேண்டியிருக்கும் என்று கருதி, கணினி தானே சில கோப்புகளை நிரப்பி வைக்கும். இடம் வேண்டும்போது அவற்றை விட்டுவிடும். லினக்ஸில் 'ஃப்ரீ' என்னும் கட்டளை இட்டவர் பலர் 'காலி' என்னும் சிறிய எண்ணைக் கண்டு அஞ்சுவர். நோக்கவேண்டியது 'கிடைக்கக்கூடியது' என்னும் எண்ணேயாம்.

2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், பழவேற்காடு அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பெற்றது. அக்காலத்து மடிக்கணினியில் 2 ஜிகாபைட் நினைவகம் போதுமென்றே கருதப்பட்டது. விண்டோஸ் 11-க்கோ குறைந்தது 4 ஜிகாபைட் வேண்டும். அண்ணன் பயின்ற அத்தகைய கணினியைத் தங்கை எடுத்துக்கொள்வாளாயின், 4 ஜிகாபைட்டாக்கி லினக்ஸ் இட்டால், கட்டுரை எழுதவும் பாடங்கேட்கவும் உதவும் என்பது என் கருத்து. அதன்மேற் செலவிடுதலை யான் துணியேன்.

வாங்குவதற்கு முன் அறியவேண்டுவன சில. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் என்னும் பதிப்பு, எவ்வளவு இட்டாலும் 2 ஜிகாபைட்டுக்கு மேல் ஆளாது. டி.டி.ஆர். 3 என்னும் வகைக்குரிய துளையில் டி.டி.ஆர். 4 பொருந்தாது, பலகையின் வெட்டு இருக்குமிடமே வேறு. மெல்லிய மடிக்கணினிகள் சிலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றிற் கூட்டவே இயலாது. பழைய பலகையைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுசெல்லுதலே எளிய வழி.

கழற்றும்போது இன்னொன்றும் செய்க. ஏரியின் உப்புக்காற்று மின்முனைகளைக் கெடுப்பது. முனை சரியாய்ப் பற்றாதபோது, இரண்டு பலகைகளில் ஒன்றைக் கணினி காணாமற்போகும்; சிலபோது திடீரென நின்றும்விடும். மின்சாரத்தையும் மின்கலத்தையும் நீக்கியபின், பலகையின் பொன்னிற முனைகளை எழுதுகோல் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, மீண்டும் அழுந்தச் செருகி, கணினி எத்தனை ஜிகாபைட் காட்டுகிறது என்று பார்க்க. குறைந்திருந்த எண் முழுமையாயின், கடைக்குப் போக வேண்டுவதில்லை.