துரோசெரா × ஒபோவாட்டா

துரோசெரா × ஒபோவாட்டா என்பது பூச்சியுண்ணும் அழுகண்ணிப் பேரினத்தைச் சேர்ந்த, இயற்கையில் தானாகவே தோன்றும் ஒரு மலட்டுக் கலப்பினத் தாவரம் ஆகும். வட்ட இலைகளையுடைய துரோசெரா ரொட்டண்டிஃபோலியா, நீண்டு நிமிர்ந்த இலைகளையுடைய துரோசெரா ஆங்கிலிக்கா ஆகியன இதன் பெற்றோர் இனங்களாகும். ஐரோப்பா, வட அமெரிக்கா, சப்பான் ஆகிய இடங்களின் குளிர்ந்த சதுப்பு நிலங்களில் இது காணப்படுகின்றது. அழுகண்ணியின் வேறு இனங்கள் தமிழகத்தில் வளர்ந்தாலும் இக்கலப்பினம் இங்கு இல்லை.

வாழிடமும் தோற்றமும்

சதுப்பில் பாசி மேடிட்ட இடங்களில் ரொட்டண்டிஃபோலியாவும், நீர் தேங்கும் பள்ளங்களில் ஆங்கிலிக்காவும் வளர்கின்றன. இரண்டும் சந்திக்கும் விளிம்பே இக்கலப்பினத்தின் இடம். பெற்றோர் இரண்டும் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை செய்பவை. ஆகவே கலப்பு எப்போதாவதுதான் நிகழ்கின்றது. சதுப்பு நீர் வடிக்கப்பட்டு ஆங்கிலிக்கா மறைந்துவிட்டால் அங்கே புதிய கலப்பினச் செடி தோன்ற வழியில்லை.

இதன் இலை தலைகீழ் முட்டை வடிவானது. இதனால் துரோசெரா இன்டர்மீடியா என்னும் இனத்துடன் இதனைக் குழப்பிக் கொள்வதுண்டு. இன்டர்மீடியாவின் பூந்தண்டு பக்கவாட்டில் தோன்றி வளைந்து எழும். இதிலோ இலைக்கொத்தின் நடுவிலிருந்து நேராக எழும். பூக்கள் வெண்ணிறமானவை.

மலட்டுத்தன்மை

ரொட்டண்டிஃபோலியாவின் உயிரணுவில் 20 நிறப்புரிகளும் ஆங்கிலிக்காவில் 40 நிறப்புரிகளும் உள்ளன. இவற்றில் பாதியாக 10, 20 எனப் பெறும் கலப்பினத்தில் 30 நிறப்புரிகள் அமைகின்றன. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஒட்டோ ரோசன்பர்க் 1909ல் வெளியிட்ட ஆய்வில், ஒடுக்கற்பிரிவின்போது இவற்றுள் 10 சோடிகள் உருவாவதையும், எஞ்சிய 10 நிறப்புரிகள் துணையின்றி நிற்பதையும் விளக்கினார். துணையற்றவை ஒழுங்கின்றிச் சிதறுவதால் நல்ல மகரந்தமும் விதையும் உருவாவதில்லை. செடி பூத்தாலும் கிளைத்துப் பிரிவதன் மூலமே பெருகுகின்றது. நிறப்புரிகள் சோடி சேர்வதைக் கொண்டு இனங்களின் உறவை அறியும் முறைக்கு இவ்வாய்வு ஒரு தொடக்ககால எடுத்துக்காட்டாகும்.

ஆங்கிலிக்காவின் மூலம்

ஆங்கிலிக்காவும் ஒரு மலட்டுக் கலப்பினத்திலிருந்தே தோன்றியதாகக் கருதப்படுகின்றது. ரொட்டண்டிஃபோலியாவும் துரோசெரா லீனியாரிசும் கலந்து பிறந்த, 20 நிறப்புரிகளைக் கொண்ட மலட்டுச் செடிகள் வட அமெரிக்காவின் பேரேரிப் பகுதியில் இன்றும் காணப்படுகின்றன. அத்தகைய செடியொன்றில் நிறப்புரிகள் இருமடங்காகி, ஒவ்வொன்றுக்கும் துணை கிடைத்தபோது, விதை தரும் தனி இனமாக ஆங்கிலிக்கா உருவாகியது. ஒபோவாட்டாவில் சோடி சேரும் நிறப்புரிகள் ரொட்டண்டிஃபோலியா வழி வந்தவை என்பதும் இதனால் விளங்குகின்றது.