அப்பாவோட காட்டை சோலாருக்கு லீஸ் விடப் போறீங்களா?

சொந்த ஊர் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம், வேலை சென்னையிலன்னா இது உங்களுக்குத்தான்.

நம்ம மானாவாரிக் காட்டுக்கு வடகிழக்குப் பருவமழைதான் சம்பளம். 2016-ல அது பொய்த்துப்போய், 2017 ஜனவரியில எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டமா அறிவிச்சாங்க. 2023 டிசம்பர்ல தென் மாவட்டங்கள்ல வெள்ளம். இந்த நிலைமையில சோலார் கம்பெனி வருஷ வாடகை தர்றேன்னு வந்தா அப்பா தலையாட்டத்தான் செய்வாரு. கமுதியில 648 மெகாவாட் ஓடுறதைப் பார்த்தவராச்சே!

ஆனா வரிக் கணக்கு மாறுது. பருத்தி, கம்பு வித்த காசு விவசாய வருமானம், அதுக்கு வருமான வரி இல்லை. பேனல் நிக்கிற நிலத்தோட வாடகை விவசாய வருமானம் ஆகாது. பட்டா அப்பா பேர்ல இருந்து, அவருக்கு வேற வருமானமும் இல்லைன்னா பெரும்பாலும் விலக்கு வரம்புக்குள்ளயே அடங்கிடும். உங்க பேருக்கு மாத்தியாச்சுன்னா சம்பளத்தோட சேரும். 30% ஸ்லாப்ல இருந்தா, 1 லட்சம் வாடகையில செஸ்ஸோட 31,200 ரூபாய் வரிக்கே போயிடும். கிராமத்து விவசாய நிலத்தை விக்கும்போது கிடைக்கிற மூலதன ஆதாய வரிச் சலுகையும் சிக்கலாகலாம்.

லீஸ் பொதுவா 25, 30 வருஷம். அது முடியும்போது நிலத்துக்குப் பொறுப்பு நீங்கதான். வாடகை வருஷா வருஷம் ஏறுதா, நிலத்தை அடமானம் வைக்க கம்பெனிக்கு உரிமை இருக்கா, கடைசியில கான்கிரீட்டை யார் பெயர்க்கணும்னு வரி வரியா படிங்க.

என்னைக் கேட்டா, கண்மாய்த் தண்ணி பாயுற வயலை விட்டுட்டு மேட்டுக் காட்டை மட்டும் பேசுங்க. விதைக்கிற நிலத்துக்குப் பயிர்க் காப்பீடு போடுங்க. ராபி தானியத்துக்கு உங்க பங்கு அதிகபட்சம் 1.5%, பருத்திக்கு 5%.