‘300 யூனிட் இலவசம்’: யார் வீட்டு மட்டுப்பாவில் மிச்சம்?

‘மாதம் 300 யூனிட் இலவசம்’ என்று சொல்லி, மட்டுப்பாவில் (மொட்டை மாடியில்) சோலார் பேனல் போட மானியம் தரும் மத்திய அரசின் ‘பி.எம். சூர்ய கர்’ திட்டம் 2026-27 நிதியாண்டோடு முடிகிறது. “அதற்குள் சோலார் போடாவிட்டால் 78,000 ரூபாய் மானியம் போய்விடுமா?” என்று வாசகர்கள் கேட்டு எழுதுகிறார்கள். பலரும் அவசரத்தில் இருக்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் உங்கள் வீட்டுக் கரண்ட் பில் அட்டையை எடுத்து, கடைசி ஆறு கணக்கீட்டையும் பாருங்கள். விடை அதில்தான் இருக்கிறது.

‘இலவசம்’ என்றால் என்ன?

அரசு யாருக்கும் 300 யூனிட் தருவதில்லை. நீங்கள் பேனல் வாங்குகிறீர்கள், விலையில் ஒரு பங்கை அரசு திருப்பித் தருகிறது. 1 கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். நல்ல வெயிலில் 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மாதம் 300 யூனிட் வேண்டுமென்றால் 3 கிலோவாட் அளவுக்குப் போட வேண்டும். 1 கோடி வீடு, 30 ஜிகாவாட் இலக்கு என்ற டெல்லிக் கணக்கும் வீட்டுக்கு 3 கிலோவாட் என்றுதான் வருகிறது.

எந்த யூனிட் கழிகிறது?

இதைத்தான் யாரும் விளக்கிச் சொல்வதில்லை. பகலில் பேனல் லைனுக்குத் தரும் கரண்டை, இரவில் நீங்கள் எடுத்ததிலிருந்து நெட் மீட்டர் கழிக்கிறது. கழிவது பில்லின் உச்சியிலிருந்து, அதாவது விலை கூடிய யூனிட்டிலிருந்து. நம் தமிழ்நாட்டுக் கட்டணமோ படிப்படியாக ஏறுவது. ஆகவே ஒரே பேனல் ஒரு வீட்டில் 11 ரூபாய் யூனிட்டை அழிக்கும், இன்னொரு வீட்டில் 2 ரூபாய் யூனிட்டை அழிக்கும்.

2024 ஜூலைக் கட்டணத்தை வைத்து இரண்டு வீடுகளைப் பார்ப்போம்.

முதல் வீட்டில் இரண்டு ஃபேன், நாலைந்து எல்.இ.டி. பல்பு, டி.வி., சின்ன ஃபிரிட்ஜ். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட். முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு 2.35 வீதம் 235 ரூபாய். வருடம் முழுக்கக் கட்டுவதே 1,410 ரூபாய்தான். 1 கிலோவாட் போட்டு பில்லே வராமல் போனாலும் மிச்சம் அந்த 1,410-ஐத் தாண்டாது. மானியம் போகக் கைப்பணம் 30,000 என்று குறைத்தே வைத்தாலும் அது திரும்பி வர 21 வருடம். பேனலின் ஆயுளே 25 வருடம் என்கிறார்கள்.

இரண்டாவது வீட்டில் இரண்டு ஏ.சி., தண்ணீர் ஹீட்டர். இரண்டு மாதத்துக்கு 1,100 யூனிட். 3 கிலோவாட் போட்டால் நல்ல வெயிலில் 720 யூனிட் கழியும். அதில் 500-க்கு மேற்பட்ட 600 யூனிட்டுக்கு மட்டும் மிச்சம் சுமார் 6,000 ரூபாய். தவிர, கணக்கு 500-க்குள் இறங்கிவிட்டதால், அதைத் தாண்டியபோது இழந்த 101-200 யூனிட் சலுகையும் திரும்பக் கிடைக்கிறது. போட்ட பணம் மூன்று நான்கு வருடத்தில் கைக்கு வந்துவிடும்.

2024 இடைக்கால பட்ஜெட்டில் வீட்டுக்கு வருடம் 15,000 முதல் 18,000 ரூபாய் வரை மிச்சம் என்றார்கள். முதல் வீட்டுக்காரர் பத்து வருடம் கட்டும் பில்லே அவ்வளவு வராது.

இதில் என்ன கவலை?

ஆளில்லாத அறையில் ஃபேனை நிறுத்தி, 200 யூனிட்டுக்குள் குடும்பம் நடத்துகிறவர்தான் நாட்டுக்கு மின்சாரம் சேமித்துத் தருகிறார். மானியக் கணக்கில் அவருக்கு இடமில்லை. கூடச் செலவழிக்கிறவருக்கே கூட லாபம். போதாததற்கு, உயர்ந்த கட்டணம் கட்டி மின்வாரியத்தைத் தாங்குகிறவர்களும் இவர்கள்தான். அந்த வருமானம் குறைந்தால் 100 யூனிட் இலவசத்தின் பாரம் யார் தலையில் விழும் என்று திட்டம் சொல்லவில்லை. சூரிய மின்சாரம் வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எத்தனை கிலோவாட் பொருத்தினோம் என்று எண்ணுகிற அரசு, எத்தனை யூனிட் செலவாகாமல் மிஞ்சியது என்றும் எண்ண வேண்டும். குறைந்த கரண்டில் ஓடும் ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் இதே போல மானியம் கொடுத்தால் முதல் வீட்டுக்கும் பங்கு கிடைக்கும்.

மற்ற கேள்விகள்

*ஆனி, ஆடிச் சாரலில்?* உற்பத்தி குறையும். அந்த மாதங்களில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள்தான் கைகொடுக்கும்.

*தென்னை நிழல் விழுந்தால்?* ஒரு பேனலில் விழும் ஓலை நிழல், அதோடு வரிசையாக இணைத்த மற்றவற்றையும் இழுத்துவிடும். காலை முதல் மாலை வரை நிழலைப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

*கடன் கிடைக்குமா?* வங்கிகள் தருகின்றன. மாதத் தவணை உங்கள் பில்லைவிடக் கூடினால் வேண்டாம்.

*கரண்ட் போனால் வீட்டில் விளக்கு எரியுமா?* எரியாது. லைனில் வேலை செய்கிறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, பேட்டரி இல்லாத இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்து நம் குமரி மாவட்டம் நாள்கணக்கில் இருளில் கிடந்ததே, அப்படி இன்னொன்று வந்தால், மட்டுப்பாவில் வெயில் காய்ந்தாலும் கீழே மெழுகுதிரிதான்.