இரட்டைக் குழல், ஒற்றைக் கை
பட்டறையில் பிறந்த ஆயுதங்கள் – 11

1517-ல் புனித ரோமானியப் பேரரசர் முதலாம் மாக்சிமிலியன் ஓர் ஆணை போட்டார். தானாகவே பொறி கிளப்பிச் சுடும் கைத்துப்பாக்கியை ஆஸ்திரியாவில் யாரும் செய்யக்கூடாது, வைத்திருக்கவும் கூடாது. திரி கொளுத்த வேண்டிய துப்பாக்கி என்றால் புகை காட்டிக்கொடுக்கும். இதை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு எவரும் எவரையும் நெருங்கிவிடலாம். கால் நூற்றாண்டு போனது. அவருடைய பேரன் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்காக மூனிக் நகரத்து பீட்டர் பெக் ஒரு கைத்துப்பாக்கி செய்தார். தாத்தா தடை செய்த அந்தச் சக்கரப்பூட்டு அதில் ஒன்றல்ல, இரண்டு. குழலும் இரண்டு.

இன்று அது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போன வாரம் பார்த்தோமே, சாவி கொடுத்து முறுக்கிய எஃகுச் சக்கரம் விசை விடுபட்டதும் சுழன்று கல்லில் உரசிப் பொறி கக்கும் என்று. சிகரெட் லைட்டரில் நடப்பதும் அதுதான். பெக் கடிகாரமும் செய்கிறவர். அதனால்தானோ என்னவோ, இரண்டு சக்கரங்களையும் ஒரே பொறியமைப்புக்குள் அடக்கி, குழலுக்கு ஒன்றாகத் தனித்தனி நெருப்புக் கொடுத்துவிட்டார். மேலே பேரரசரின் சின்னங்களான இரட்டைத் தலைக் கழுகு, ஹெர்குலிஸ் தூண்கள். எல்லாம் சேர்ந்து நீளம் சுமார் அரை மீட்டர், எடை சுமார் இரண்டரைக் கிலோ. இவ்வளவும் ஒரே ஒரு கூடுதல் சூட்டுக்காக!

கணக்குப் பார்த்தால் இது தேறாது. இரண்டு ஒற்றைக்குழல் துப்பாக்கிகளை இடுப்பில் செருகிக்கொண்டால் அதே இரண்டு சூடு கிடைக்கும்; ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கும். ஆனாலும் முந்நூறு வருடங்களுக்கு மேல் துப்பாக்கிக் கொல்லர்கள் இதை விடவில்லை, வாங்குகிறவர்களும் விடவில்லை. காரணம் எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. ஒரு கை, ஒரு விரல், இரண்டு குழல் என்ற புதிருக்கு ஒவ்வொரு பட்டறையும் தனக்கென்று ஒரு விடை கண்டது. அந்த விடை மூடிக்குள் ஒளிந்திருக்காது. கையில் எடுத்துப் பார்த்தாலே புரியும். செய்தவன் யோசித்த யோசனை அப்படியே இரும்பில் நிற்கும். இன்றைய பிஸ்டல் எதிலும் இந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைப்பதில்லை.

சக்கிமுக்கிக்கல் காலத்தில் சிலர் குழல்களை மேலும் கீழுமாக வைத்து, ஒன்றைச் சுட்டதும் கையாலேயே திருப்பி மற்றதை மேலே கொண்டுவரச் செய்தார்கள். இன்னும் சிலர் குழலை அசைக்கவே இல்லை. பக்கவாட்டில் ஒரு சிறிய திருகு. அதைத் திருப்பினால் கீழ்க்குழலுக்கான பற்றுமருந்து வெளிப்படும். ஒரே கல், ஒரே பூட்டு, இரண்டு குழலுக்கும் நெருப்பு. இந்தத் திருகு வேலையை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த வகையில் ஏராளமாக விற்றது அமெரிக்காவின் ரெமிங்டன் டெரிஞ்சர். வில்லியம் எலியட் வடிவமைத்தது. 1866-லிருந்து 1935 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். உள்ளங்கையில் மறையும் அளவு. குழல் மூன்றே அங்குலம். வலப்பக்க நெம்பைத் தள்ளினால் இரண்டு குழல்களும் கீல் மேல் நிமிர்ந்து திறந்துகொள்ளும். விசை ஒன்று, குதிரை எனப்படும் சுத்தியலும் ஒன்று. அப்படியானால் எந்தக் குழல் வெடிக்கும்? எலியட் குதிரையின் முகத்திலேயே அடிமுள்ளை வைத்தார். குதிரையைப் பின்னுக்கு இழுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பல்சக்கரம் அந்த முள்ளை ஒரு தடவை மேலேயும் மறு தடவை கீழேயும் நகர்த்திவிடும். சுடுகிறவன் எதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

அதன் குறையும் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. மேலே கீலைத் தாங்கும் இரண்டு காதுகளும் மெலிந்தவை; இன்று கிடைக்கும் பழைய ரெமிங்டன்களில் பல அந்த இடத்தில் விரிசல் விட்டவை. சேகரிப்பவர்கள் முதலில் அங்கேதான் பார்ப்பார்கள். குண்டின் வேகமோ நொடிக்குச் சுமார் 130 மீட்டர். ஒலியின் வேகத்தில் பாதிகூட இல்லை. சீட்டாட்ட மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்கு அது போதும். அடுத்த தெருவுக்கு ஆகாது.

இதற்கு நேர் எதிர், நம் நாட்டுக் காட்டுக்காகவே பிறந்த அம்பாரித் துப்பாக்கி. வெள்ளைக்காரர்கள் ஹௌடா பிஸ்டல் என்பார்கள். யானை மேல் அம்பாரி கட்டிப் புலிவேட்டைக்குப் போன காலம். காயம்பட்ட புலி சில சமயம் ஓடாது. யானையின் மத்தகத்துக்கோ விலாவுக்கோ பாயும். அந்த நெருக்கத்தில் நீண்ட ரைபிளைத் திருப்ப அம்பாரிக்குள் இடமில்லை. முதலில் ரைபிளின் குழலையே அறுத்துக் கட்டையாக்கிக்கொண்டார்கள். பிறகு இங்கிலாந்துப் பட்டறைகள் இதற்கென்றே இரட்டைக்குழல் செய்தன. சிலவற்றில் ராணுவ ஸ்னைடர் ரைபிளின் அளவு: குறுக்கே ஏறக்குறைய 15 மில்லிமீட்டர். அந்த ரைபிளின் ஈயக்குண்டு 31 கிராம். தோளில் முட்டுக்கொடுத்துச் சுட வேண்டியதை, ஆடும் யானை மேல் நின்று மணிக்கட்டில் வாங்க வேண்டும். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்த நாட்டில் புலிவேட்டை இல்லை. அது போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்தத் துப்பாக்கியைச் செய்த கையை மட்டும் மறக்க முடியவில்லை.

இரண்டு குழலைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவது சாதாரண வேலை இல்லை. துல்லியமாக இணையாக ஒட்டினால் குண்டுகள் இணையாகப் போகாது. வலக்குழல் வெடிக்கும்போது, குண்டு வெளியேறுவதற்குள்ளேயே துப்பாக்கி வலப்பக்கம் உதைத்துத் திரும்பிவிடும், இடக்குழல் இடப்பக்கம். அதனால் இரட்டைக்குழல் ரைபிளில் குழல்களை முனையில் லேசாக நெருங்கும்படி வைத்துப் பற்றவைப்பார்கள். எவ்வளவு நெருக்கம் என்பதை ஏட்டில் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. சுட்டுப் பார்க்க வேண்டும். பற்றாசை உருக்கி, நடுவில் இருக்கும் ஆப்பை ஒரு மயிரிழை தள்ளி, மறுபடி சுட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு குண்டும் ஒன்றாக விழும்வரை இதுவே வேலை.

இங்கிலாந்தின் சார்லஸ் லங்காஸ்டர் பட்டறை 1880-களில் கைத்துப்பாக்கிக்கு நாலு குழலே வைத்துவிட்டது. அக்காலத்து ரிவால்வரை நம்பாத அதிகாரிகள் அதை வாங்கினார்கள். மருந்தைப் பற்றவைக்கும் கேப் என்ற சிறு தொப்பி வெடித்து, அதன் துண்டு பொறியமைப்புக்குள் விழுந்து சிக்கிக்கொண்ட பழைய அனுபவம் பலருக்கு இருந்தது. வெப்லி ரிவால்வர் சீரானதும் இந்த வியாபாரம் படுத்துவிட்டது.

ஆசை மட்டும் படுக்கவில்லை. இத்தாலியின் பெடர்சோலி இன்றும் அம்பாரித் துப்பாக்கியைப் புதிதாகச் செய்து விற்கிறது. வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய பாணி. கருமருந்தை அளந்து ஊற்றி, குண்டைக் கிட்டித்து, கேப் மாட்டி, இரண்டு தடவை சுட்டு முடிப்பதற்குள் நிமிடங்கள் ஓடிவிடும். ஒரு குழலை மட்டும் சுட்டால், அந்த அதிர்ச்சியில் மறு குழலின் குண்டு தளர்ந்து முன்னே நகர்ந்திருக்கலாம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் குழலே வெடித்துவிடக்கூடும். ஆகவே தேர்ந்த கைகள் கிட்டிக்கோலை விட்டு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளும். சாயங்காலம் சுடுதண்ணீரில் கழுவாவிட்டால் கரி தின்றுவிடும். இவ்வளவு சிரமத்தையும் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அந்தச் சிரமம்தான் அவர்கள் தேடி வந்த விளையாட்டு.

அதே இத்தாலியில் ஆர்சனல் ஃபயர்ஆர்ம்ஸ், கோல்ட் 1911 பிஸ்டலின் நூற்றாண்டை ஒட்டி, அப்படி இரண்டை ஒரே உடம்பாகச் சேர்த்தது. பெயர் ஏஎஃப் 2011. விசையைத் தொட்டால் இரண்டு குண்டும் சேர்ந்தே போகும். இரண்டின் எடை சுமார் 30 கிராம், அந்த ஸ்னைடர் குண்டுக்குச் சமம். 2015-ல் வந்த 'ஸ்பெக்டர்' ஜேம்ஸ் பாண்ட் படத்தில் வில்லனின் அடியாள் கையில் இருப்பது இதுதான். எந்த ராணுவத்துக்கும் எந்த போலீஸுக்கும் இது தேவைப்படாது. இருந்தும் உட்கார்ந்து யோசித்து ஒருவர் செய்திருக்கிறார் என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்த வாரம், நியூ ஆர்லியன்ஸ் டாக்டர் லெ மா. ஒன்பது தோட்டா ரிவால்வருக்கு நடுவே ரவை சுடும் குழல் ஒன்றையும் நுழைத்தவர்.