இறக்கத்து வளைவும் நம் சைக்கிளும்



பெரட்டுக்கு நேரமாகிவிட்டால் மேட்டு லயத்திலிருந்து சைக்கிளை அப்படியே இறக்கத்தில் விட்டுவிடுகிறோம். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளும் 'சர்'ரென்று இறங்குகிறார்கள். கீழே வளைவு, செம்மண் சடக்கில் உருளும் சிறு கற்கள். "தினமும் போற பாதைதானே, என்ன ஆயிடப் போகுது?" என்கிறோம். வளைவுக்கு அந்தப் பக்கம் செம்பனைக் குலை லோரி ஏறி வருவது கண்ணுக்குத் தெரியாதே!

வேகம் 2 மடங்கானால், பிரேக் பிடித்தபின் நிற்பதற்கு ஏறக்குறைய 4 மடங்கு தூரம் வேண்டும். இறக்கத்தில் இன்னும் கூடும். ஆகவே வளைவுக்கு முன்பே, நேர்ச் சடக்கிலேயே வேகத்தைக் குறையுங்கள். திரும்பும்போது பிரேக்கை இறுக்கினால் டயர் மண்ணை விட்டுச் சறுக்கிவிடும்.

இரண்டு பிரேக்கையும் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிடியுங்கள். முன் பிரேக்கை மட்டும் வெடுக்கென்று பிடித்தால் ஆள் தலைகுப்புற விழுவார். பின் பிரேக்கை மட்டும் இறுக்கினால் சக்கரம் சுற்றாமல் வழுக்கும். மழையில் நனைந்த ரிம்மில் பிரேக் உடனே பிடிக்காது; மேட்டிலேயே லேசாக அழுத்தி ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். வளைவில் இடது ஓரத்தை விடாதீர்கள். பின்னால் பாரமோ பிள்ளையோ இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஹெண்டல் முனையில் ரப்பர் கழன்று இரும்புக் குழாய் தெரிகிறதா? இன்றே புதிதாக மாட்டுங்கள். விழும்போது அது வயிற்றில் குத்தினால் வெளியே சிறு சிராய்ப்புதான் தெரியும். உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்து, மணிக்கணக்கில் இரத்தம் கசியலாம். ஏச்சுக்குப் பயந்து பிள்ளை சொல்லாமல் படுத்துவிடும். ஆகவே முதலில் ஏசாதீர்கள். எங்கே அடிபட்டது என்று கேளுங்கள்.

வயிற்று வலி, முகம் வெளிறுதல், தோள்பட்டையில் வலி. தலையில் அடிபட்டபின் வாந்தி, அதிகத் தூக்கம், பேச்சில் குழப்பம், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல் ஒழுகுதல் - இவற்றில் ஒன்று இருந்தாலும் காலைவரை காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கழுத்து வலித்தால் ஆளைத் தூக்காமல் 999-ஐ அழையுங்கள். காயத்தில் கோப்பித்தூள் அப்பாதீர்கள். சுத்தமான தண்ணீரில் மண் போகக் கழுவி, கிளினிக்கில் காட்டி, டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேளுங்கள்.

இன்னொன்று. வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நடக்கும் விபத்துக்கும் 1969-ஆம் ஆண்டு சொக்சோ சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. சொந்தக் காரியமாக வழி மாறிப் போயிருந்தால் அது கிடைக்காமல் போகலாம். அடிபட்ட அன்றே நிர்வாகத்திடம் சொல்லுங்கள். மருத்துவச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பெரட்டுக்கு ஐந்து நிமிடம் பிந்தினால் ஏச்சோடு போகும். வளைவில் தவறினால் குடும்பமே தவிக்கும். நிதானமாக இறங்குவோம்!