சின்ன மோட்டருக்கு என்ன வேலை?

மொன்றியலுக்கு மேற்கே, சென் லூயி ஏரியில் டோரே மீன் பிடிக்க வேண்டுமென்றால், தூண்டிலைப் படகுக்குப் பின்னால் மணிக்கு மூன்று கிலோமீற்றர் அளவில் மெல்ல இழுக்க வேண்டும். என்னுடைய 40 குதிரைவலு எஞ்சின் எவ்வளவு குறைத்தாலும் அதைவிட வேகமாகவே ஓடும். அதற்குத்தான் துணை மோட்டர்.

"எதை வாங்கலாம் அண்ணை?" என்று கேட்கிற பொடியளிடம் முதலில் படகின் எடையைக் கேட்பேன். மின்மோட்டர் என்றால், ஆள், எரிபொருள், சாமான் எல்லாம் சேர்த்து 100 இறாத்தலுக்கு 2 இறாத்தல் உந்துவிசை என்பது பொதுக் கணக்கு. 1,500 இறாத்தலுக்கு 30 போதும். ஆனால் இங்கே ஒட்டாவா ஆறும் சென் லோரன்சும் கலக்கின்றன. நீரோட்டமும் காற்றும் உண்டு. ஆகவே 55 வாங்கச் சொல்வேன். ஒற்றை 12 வோல்ற் பற்றரிக்கு ஏறக்குறைய அதுதான் உச்சம். 80 என்றால் 24 வோல்ற் வேண்டும்.

முழு வேகத்தில் 55 இறாத்தல் மோட்டர் சுமார் 50 அம்பியர் இழுக்கும். 100 அம்பியர்-மணி ஈயப் பற்றரியைப் பாதிக்கு மேல் வடியவிடக் கூடாது. ஆக, ஒரு மணி நேரம்தான். மெதுவாக ஓடினால் பல மணி நேரம் தாங்கும். கார் பற்றரி இதற்கு உதவாது, திரும்பத் திரும்ப வடிவதைத் தாங்கும் டீப் சைக்கிள் பற்றரி வேண்டும். நாள் முழுக்கத் தூண்டில் இழுப்பவருக்கு 9.9 குதிரைவலு பெற்றோல் எஞ்சினே தோது.

மின்மோட்டரை அணியத்தில் பூட்டினால் காற்றில் படகைத் திருப்புவது சுலபம். ஒன்றை மறக்க வேண்டாம்: எவ்வளவு சின்ன மின்மோட்டர் என்றாலும், அதைப் பூட்டிய படகை ஓட்டக் கனடாவில் படகோட்டித் தகுதி அட்டை வேண்டும்.